எல்லை கடக்கும் வாகனமும் எல்லையில் நின்றுவிடும் காப்புறுதியும்

திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே, கொட்டியாபுரப் பற்றின் வயல்வெளிகளுக்கு நடுவே அமைந்துள்ள கிளிவெட்டி மக்களுக்கு எல்லை என்ற சொல் புதியதன்று. 2006ஆம் ஆண்டில் சம்பூர்ப் பிரதேசத்திலிருந்து வெளியேறிய தமிழ்க் குடும்பங்கள் பல ஆண்டுகளை இக்கிராமத்தின் இடைத்தங்கல் முகாமிலேயே கழித்தன. அதே ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் மூதூர் முஸ்லிம் மக்கள் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு கந்தளாய் நோக்கிப் புறப்பட்டார்கள். சொந்த மாவட்டத்துக்குள் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குச் செல்வதற்கே தாள் காட்ட வேண்டியிருந்த காலத்தை இரு சமூகங்களும் கடந்து வந்திருக்கின்றன. தாள் இல்லாதவன் சாவடியில் நிற்பான் என்ற பாடத்தை இம்மக்களுக்கு எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை.

ஆனால், இன்று இவ்வூர்களின் பிள்ளைகள் கடக்கின்ற எல்லைகள் வேறு. கிளிவெட்டி, தோப்பூர், மூதூர், கிண்ணியா ஆகிய ஊர்களிலிருந்து வளைகுடா நாடுகளுக்குத் தொழில் தேடிச் சென்றவர்களில் சாரதிகளும் இருக்கின்றனர். வீட்டுச் சாரதியாக, லொறிச் சாரதியாக, கம்பனி வாகனச் சாரதியாக அவர்கள் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு வாகனம் செலுத்துகின்றனர். அவர்களுடைய கையில் கடவுச்சீட்டு இருக்கும். சாரதி அனுமதிப்பத்திரம் இருக்கும். செலுத்துகின்ற வாகனத்துக்கு எல்லைக்கு அப்பால் செல்லுபடியாகும் காப்புறுதி இருக்கின்றதா என்று கேட்டால், அவர்களிற் பலர் "அது முதலாளியின் விடயம்" என்றே பதிலளிப்பர். இந்தப் பதிலில் மறைந்திருக்கும் ஆபத்தைச் சுட்டிக்காட்டுவதே எமது நோக்கமாகும்.

முதலில் அடிப்படையை நோக்குவோம். இலங்கையில் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் மூன்றாந் தரப்புக் காப்புறுதியைக் கட்டாயமாக்கியது. காப்புறுதிச் சான்றிதழ் இன்றி வருடாந்த வருமான அனுமதிப்பத்திரத்தைப் பெற முடியாது. இந்தியாவில் 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆம் பிரிவு இதே கடப்பாட்டை விதிக்கின்றது. இச்சட்டங்களின் நோக்கம் வாகன உரிமையாளரைக் காப்பது மட்டுமன்று. வீதியில் அடிபடுகின்ற மனிதருக்கு, அடித்தவர் ஏழையாயினும் செல்வந்தராயினும், நட்டஈடு கிடைப்பதை உறுதி செய்வதே அவற்றின் உயிர்நாடி.

எனினும் ஒவ்வொரு காப்புறுதி ஒப்பந்தத்திலும் புவியியற் பரப்பு பற்றிய ஒரு வாசகம் உண்டு. அந்தப் பரப்புக்கு வெளியே வாகனம் சென்றவுடன் ஒப்பந்தம் உறங்கிவிடுகின்றது. சான்றிதழில் திகதி காலாவதியாகாமல் இருக்கலாம். கட்டணம் முழுமையாகச் செலுத்தப்பட்டிருக்கலாம். எல்லைக் கோட்டைத் தாண்டிய பின்னர் அது வெறும் தாள்தான்.

இப்பிரச்சினையை உலகம் எவ்வாறு தீர்த்தது? இரண்டாம் உலகப் போர் முடிந்து ஐரோப்பிய வீதிகளில் வாகனங்கள் மீண்டும் எல்லை கடக்கத் தொடங்கியபோது, 1949ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் ஐரோப்பியப் பொருளாதார ஆணைக்குழு ஒரு பரிந்துரையை முன்வைத்தது. அதன் விளைவாக 1953ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்ததே "பச்சை அட்டை" முறைமை. இதன் செயல்முறை எளிமையானது. உறுப்பு நாடு ஒவ்வொன்றிலும் காப்புறுதிக் கம்பனிகள் இணைந்த ஒரு பணியகம் இருக்கும். வேற்று நாட்டு வாகனம் விபத்தை ஏற்படுத்தினால், விபத்து நிகழ்ந்த நாட்டுப் பணியகம் அந்நாட்டுச் சட்டப்படி பாதிக்கப்பட்டவருக்கு நட்டஈட்டை வழங்கிவிட்டு, வாகனம் வந்த நாட்டின் காப்புறுதித் தரப்பிடமிருந்து அத்தொகையை மீளப் பெற்றுக்கொள்ளும். கணவனைப் பறிகொடுத்த பெண் வேற்று நாட்டுக் கம்பனியின் வாசலில் போய் நிற்க வேண்டியதில்லை.

அரபு நாடுகள் 1975ஆம் ஆண்டில் தூனிஸ் நகரில் கைச்சாத்திட்ட உடன்படிக்கையின் மூலம் "செம்மஞ்சள் அட்டை" முறைமையை உருவாக்கின. மேற்கு ஆபிரிக்க நாடுகள் 1982ஆம் ஆண்டில் "கபில அட்டை"க்கு உடன்பட்டன. கிழக்கு, தெற்கு ஆபிரிக்க நாடுகளிடம் "மஞ்சள் அட்டை" உண்டு. ஆசியான் நாடுகள் 2001ஆம் ஆண்டில் தமக்குரிய கட்டாய வாகனக் காப்புறுதித் திட்டத்துக்கான உடன்பாட்டில் கைச்சாத்திட்டன. நிறங்கள் வேறாயினும் கோட்பாடு ஒன்றே.

புலம்பெயர்ந்து வாழும் எமது உறவுகளுக்கும் இது அந்நியமான விடயமன்று. இலண்டனிலிருந்து பாரிஸ் நகருக்குத் திருமணத்துக்கோ, கோயில் திருவிழாவுக்கோ வாகனத்தில் செல்லும் தமிழர்கள், பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏற்பாடுகளிலிருந்து விலகிய பின்னர் 2021ஆம் ஆண்டின் முற்பகுதியில் பச்சை அட்டையை உடன் கொண்டு செல்ல வேண்டியிருந்தது. 2021 ஓகஸ்ட் 2ஆம் திகதி முதல் அத்தேவை நீக்கப்பட்டது. அரசியல் முடிவொன்று சாதாரண குடும்பத்தின் வாகனப் பெட்டிக்குள் இருக்கும் தாளை எப்படி மாற்றுகின்றது என்பதற்கு இதைவிடச் சிறந்த உதாரணம் வேண்டியதில்லை.

இனி வளைகுடாவுக்கு வருவோம். சவூதி அரேபியாவின் கிழக்குக் கரையையும் பஹ்ரைனையும் இணைக்கும் மன்னர் பஹ்த் கடற்பாலம் 1986ஆம் ஆண்டில் திறந்து வைக்கப்பட்டது. ஏறத்தாழ 25 கிலோமீற்றர் நீளமான அப்பாலத்தின் நடுவே எல்லைச் சாவடி அமைந்துள்ளது. தம்மாமில் வீட்டுச் சாரதியாகப் பணிபுரியும் ஓர் இளைஞர் வார இறுதியில் முதலாளியின் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு அப்பாலத்தைக் கடக்கின்றார் என வைத்துக்கொள்வோம். வாகனம் முதலாளியுடையது. காப்புறுதியை எடுத்தவரும் அவரே. அந்த ஒப்பந்தம் அடுத்த நாட்டையும் உள்ளடக்குகின்றதா, இல்லையேல் எல்லையில் குறுகிய காலக் காப்புறுதி பெறப்பட்டதா என்பது சாரதிக்குத் தெரியாது. மறுகரையில் ஒருவர் வாகனத்தில் மோதுண்டு உயிரிழந்தால், பொலிஸார் முதலில் அழைத்துச் செல்வது வாகனத்தின் சொந்தக்காரரை அன்று. ஓட்டியவரையே.

இங்கே எமது முஸ்லிம் வாசகர்கள் நன்கறிந்த ஒரு சட்டக் கோட்பாடு குறுக்கிடுகின்றது. தவறுதலாக ஓர் உயிர் பறிபோனால் இறந்தவரின் உரித்தாளர்களுக்கு "தியத்" எனப்படும் உயிரீட்டுத் தொகை வழங்கப்பட வேண்டும் என்பது இஸ்லாமியச் சட்டம். குர்ஆனின் அந்நிஸா அத்தியாயம் இதற்கு அடிப்படையாகும். தமது உரிமையை மன்னித்து விட்டுக்கொடுக்க உரித்தாளர்களுக்கு அனுமதியும் உண்டு. சவூதி அரேபியாவில் 2011ஆம் ஆண்டில் தவறுதலான மரணத்துக்குரிய தியத் மூன்று இலட்சம் ரியால்களாக உயர்த்தப்பட்டது. ஐக்கிய அரபு இராச்சியத்தில் அது இரண்டு இலட்சம் திர்ஹம்களாக நிர்ணயிக்கப்பட்டது. செல்லுபடியான காப்புறுதி இருந்தால் இத்தொகையை வழமையாகக் கம்பனி செலுத்தும். இல்லையெனில் அந்தச் சுமை எங்கே போய் இறங்கும்? கொட்டியாபுரத்தில் உள்ள தாயின் காணி உறுதியிலும் தங்கையின் நகையிலுமே போய் இறங்கும். தியத் என்பது பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு நீதி வழங்கும் ஏற்பாடு. அந்த நீதியின் முழுப் பாரமும் காப்புறுதித் தாள் ஒன்றைப் பார்க்கத் தவறிய ஏழைச் சாரதியின் தோளில் விழுவது எவருக்கும் நீதியாகாது.

காப்புறுதி இருந்தாலும் எல்லாம் முடிந்துவிடுவதில்லை. உரிய அனுமதிப்பத்திரமின்றி ஓட்டியதாலோ, போதையில் ஓட்டியதாலோ விபத்து நேர்ந்தால், கம்பனி பாதிக்கப்பட்டவருக்குச் செலுத்திய தொகையைச் சாரதியிடமிருந்து மீளக் கோரலாம். அத்தோடு மூன்றாந் தரப்புக் காப்புறுதி என்பது பெயருக்கேற்ப மூன்றாமவருக்கே உரியது. ஓட்டியவரின் கை, கால் முறிவுக்கும் ஓட்டப்பட்ட வாகனத்தின் சேதத்துக்கும் அது பதில் சொல்லாது. சர்வதேசச் சாரதி அனுமதிப்பத்திரத்தையும், வாகனத்தைத் தீர்வையின்றித் தற்காலிகமாகக் கொண்டு செல்ல உதவும் சுங்க ஆவணத்தையும் காப்புறுதியாக எண்ணி ஏமாறுவோரும் உளர். முதலாவது ஓட்டும் தகைமைக்கும், இரண்டாவது சுங்கத் தீர்வைக்கும் உரியவை. இரண்டும் விபத்துக்குப் பொறுப்பேற்பதில்லை.

இப்போது கண்ணை எமது பிராந்தியத்தின் பக்கம் திருப்புவோம். தென்னாசியாவுக்கென ஒரு நிற அட்டை இல்லை. 2014ஆம் ஆண்டு நவம்பரில் காத்மண்டுவில் நடைபெற்ற சார்க் உச்சி மாநாட்டில் மோட்டார் வாகன உடன்படிக்கை கைச்சாத்தாகும் என எதிர்பார்க்கப்பட்ட போதிலும் அது கைகூடவில்லை. அதற்குப் பதிலாகப் பங்களாதேஷ், பூட்டான், இந்தியா, நேபாளம் ஆகிய நான்கு நாடுகளும் 2015 ஜூன் 15ஆம் திகதி திம்புவில் தமக்குள் ஓர் உடன்படிக்கையைச் செய்துகொண்டன. தீவான இலங்கை அதில் இல்லை.

தீவுக்கு இது எதற்கு என்று கேட்போருக்கு ஒன்றை நினைவூட்ட வேண்டும். 2023 ஜூலை 21ஆம் திகதி புதுடில்லியில் வெளியிடப்பட்ட இந்திய – இலங்கைக் கூட்டு ஆவணம், திருகோணமலை, கொழும்புத் துறைமுகங்களுக்குத் தரைவழி அணுகலை ஏற்படுத்தும் நோக்கில் இரு நாடுகளுக்கும் இடையிலான தரைத் தொடர்பைப் பற்றிப் பேசியது. அதற்கான சாத்தியவள ஆய்வுக்கும் இணக்கம் காணப்பட்டது. அதே ஆண்டு ஒக்டோபர் 14ஆம் திகதி நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பற் சேவை ஆரம்பிக்கப்பட்டது. பாலம் வருமா, வருவது நன்றா என்பவை தனி விவாதத்துக்குரியவை. அவற்றில் நாம் இங்கு இறங்கவில்லை. ஆனால், பாலம் வழியாகவோ வாகனம் ஏற்றும் கப்பல் வழியாகவோ அயல் நாட்டு வாகனங்கள் இங்கு வரக்கூடிய நாளைப் பற்றி இரு அரசுகளும் பேசிவிட்டன என்பது உண்மை.

இந்தியா இதற்கான சில வழிகளை ஏற்கெனவே வகுத்திருக்கின்றது. 2002ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த இந்திய மோட்டார் காப்புறுதிக் கட்டண விதிகள், மேலதிகக் கட்டணம் செலுத்தி ஒப்பந்தத்தின் புவியியற் பரப்பை இலங்கை, மாலைதீவு, நேபாளம், பூட்டான், பங்களாதேஷ், பாகிஸ்தான் ஆகிய நாடுகளுக்கு விரிவுபடுத்த இடமளித்தன. முழுக் காப்புறுதிக்கு அக்கட்டணம் 500 ரூபா. மூன்றாந் தரப்புக்கு மட்டுமெனில் 100 ரூபா. கடற்பயணத்தின் போது ஏற்படும் சேதம் அதில் உள்ளடங்காது. 2022ஆம் ஆண்டில் இந்தியா வெளியிட்ட விதிகளின்படி, அந்நாட்டுக்குள் நுழையும் வெளிநாட்டுத் தனியார் வாகனம் பதிவுச் சான்று, சாரதி அனுமதிப்பத்திரம், புகைச் சான்று ஆகியவற்றோடு செல்லுபடியான காப்புறுதியையும் வைத்திருக்க வேண்டும். அவை ஆங்கிலத்தில் இல்லையெனில் உறுதிப்படுத்தப்பட்ட மொழிபெயர்ப்பும் வேண்டும்.

ஆயினும் கிளிவெட்டியிலிருந்து பார்க்கும்போது கேள்வி வேறு விதமாகத் தோன்றுகின்றது. துறைமுகத்தை நோக்கி விரையும் அயல் நாட்டு லொறியொன்று, பாடசாலை விட்டுத் துவிச்சக்கர வண்டியில் வரும் ஒரு பிள்ளையை மோதிவிட்டது என்று எண்ணிப் பாருங்கள். லொறி தன் சரக்கை இறக்கிவிட்டு நாடு திரும்பிவிடும். அந்தப் பிள்ளையின் தந்தை எந்த மொழியில், எந்த நாட்டில், எந்தக் கம்பனியிடம் நட்டஈடு கேட்பார்? பச்சை அட்டை போன்ற பணியக ஏற்பாடு இருந்தால் அவர் திருகோணமலையிலேயே கேட்கலாம். அத்தகைய ஏற்பாடு இல்லாமல் வாகனங்களை மட்டும் அனுமதித்தால், பயன் துறைமுகத்துக்கும் இழப்பு வீதியோரக் கிராமத்துக்கும் ஆகிவிடும். யுத்த காலத்து இழப்புகளுக்கே இன்னும் பதில் கிடைக்காத ஒரு மண்ணில், அபிவிருத்தியின் பெயரால் இன்னொரு பதிலற்ற இழப்பு சேர்வதை ஏற்க முடியாது.

எனவே மூன்று விடயங்களை வலியுறுத்த விரும்புகின்றோம். முதலாவது, வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் சாரதிகளாகச் செல்வோருக்கு வழங்கும் பயிற்சியில் எல்லை கடக்கும் காப்புறுதி பற்றிய தெளிவு இடம்பெற வேண்டும். எந்தெந்த நாடுகளுக்குச் செல்லுபடியாகும், எத்திகதி வரை, இந்தச் சாரதிக்கும் பொருந்துமா, இந்தப் பயன்பாட்டுக்கும் பொருந்துமா என்ற நான்கு கேள்விகளையும் கேட்டு, சான்றிதழின் பிரதியொன்றைத் தம்மிடம் வைத்திருக்க அவர்கள் பழக வேண்டும். இரண்டாவது, அயல் நாட்டு வாகனத்தின் காப்புறுதியை முதலாளியே உறுதிப்படுத்த வேண்டும் என்ற நிபந்தனை தொழில் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும். மூன்றாவது, இந்தியாவுடன் தரைத் தொடர்பு பற்றிய பேச்சு எந்தக் கட்டத்தை அடைந்தாலும், முதலாவது தூண் நடப்படுவதற்கு முன்னர் பாதிக்கப்பட்டவருக்கு உள்ளூரிலேயே நட்டஈடு வழங்கும் பணியக உடன்பாடு செய்யப்பட வேண்டும்.

அரசு செய்யும் வரை காத்திருக்க வேண்டியதுமில்லை. பள்ளிவாசல் நிருவாக சபைகளும் ஆலய பரிபாலன சபைகளும் கிராம அபிவிருத்திச் சங்கங்களும், பயணம் புறப்படும் இளைஞர்களை ஒரு மாலைப் பொழுதில் அழைத்து, அனுபவமுள்ள சாரதி ஒருவரைக் கொண்டு இவற்றை விளக்கலாம். இதற்குப் பெரிய செலவு ஏதுமில்லை. தமிழரும் முஸ்லிமும் ஒன்றாக அமர்ந்து கேட்கக்கூடிய விடயமும் இது.

ஒரு காலத்தில் எம்மக்கள் தாளைத் தேடியது சந்தேகக் கண்களிலிருந்து தப்புவதற்காக. இன்று அவர்கள் தேட வேண்டிய தாள், வீதியில் வீழ்ந்த மனிதருக்கும் வாகனம் ஓட்டிய மனிதருக்கும் ஒருங்கே துணை நிற்பது. அந்தத் தாளைப் புறப்படுவதற்கு முன்னரே கேட்டுப் பெறுவோமாக.