'பி.எப்.ஓ.ஏ. ப்ரீ' ஸ்டிக்கரை நம்பி தவா வாங்குறீங்களா? உஷார்!

சென்னை: ஆடித் தள்ளுபடி வந்தாலே பாத்திரக்கடை வாசலில் நான்-ஸ்டிக் தவா மலைபோல் குவிகிறது. பெட்டியில் 'பி.எப்.ஓ.ஏ. ப்ரீ' என்று பச்சைக் கலரில் ஒரு முத்திரை. விஷமில்லாத தவா என்று நினைத்து அள்ளிச் செல்கிறார்கள் இல்லத்தரசிகள். முத்திரை பொய் என்று சொல்ல முடியாது. ஆனா பாதி உண்மைதான்.

பி.எப்.ஓ.ஏ. என்பது டெப்லான் பூச்சு தயாரிப்பில் பயன்பட்ட ரசாயனம். இது மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2023-ல் அறிவித்தது. அது ஒண்ணு மட்டும் இல்லை என்பதுதான் முத்திரைக்கு அர்த்தம். 'பி.எப்.ஏ.எஸ்.' எனப்படும் அந்தக் குடும்பத்தில் ஆயிரக்கணக்கான ரசாயனங்கள் இருக்கு. டெப்லானே அதில் ஒன்று! மண்ணில் மக்காது. சில வகைகள் உடம்புக்குள் போனால் வருஷக்கணக்கில் வெளியேறாது. சாகாவரம் வாங்கி வந்த ரசாயனங்கள்.

பூச்சு உரிந்து தோசையோடு வயிற்றுக்குள் போச்சே என்று பலர் பதறுகிறார்கள். அந்தத் துகள் பெரும்பாலும் அப்படியே வெளியேறிவிடும். பெரிய ஆபத்து சூடுதான். காலித் தவாவை முழுத் தீயில் வைத்துவிட்டு மாவு எடுக்கப் போனால் சில நிமிடத்தில் 260 டிகிரியைத் தாண்டிவிடும். அதற்குமேல் பூச்சு சிதைந்து புகை கக்கும். கூண்டில் வளர்க்கும் கிளி, லவ் பேர்ட்ஸ் இந்தப் புகையில் செத்தே போயிருக்கின்றன.

இதுக்கு காஸ்ட்லி பாத்திரம் எதுவும் தேவையில்லை. பரணில் தூங்கும் இரும்பு தோசைக்கல்லை இறக்குங்க. எண்ணெய் தடவி, பாதி வெங்காயத்தால் தேய்த்துப் பழக்கினால் ஒட்டாது. முதல் நாலு தோசை பிய்யும், பரவாயில்லை. நான்-ஸ்டிக்தான் வேணும் என்றால் சிறுதீயில், மரக்கரண்டியோடு புழங்குங்க.

ஓட்டல் பார்சலிலும் கவனம் தேவை. எண்ணெய் ஊறாத பேப்பர் சிலவற்றில் இதே ரசாயனம் உண்டு. டென்மார்க் 2020-லேயே அத்தகைய பேப்பருக்குத் தடை போட்டுவிட்டது. நம்ம ஊரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் வெளியிட்ட வரைவில்தான், உணவு படும் பொருட்களில் பி.எப்.ஏ.எஸ். கூடாது என்று சொன்னது. எவர்சில்வர் தூக்கை நீட்டி, வாழை இலையில் வைத்துக் கட்டச் சொல்ல அதுவரை யார் அனுமதியும் தேவையில்லை. பேப்பருக்குப் பதில் பழைய நியூஸ் பேப்பர் மட்டும் வேண்டாம், அதில் மை ஒட்டும்.

சமையலறையை மாத்திட்டா மட்டும் போதுமா? போதாது. சென்னை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் இந்தப் பத்தாண்டில் சோதித்தபோது, அடையாறு, பக்கிங்காம் கால்வாய், செம்பரம்பாக்கம் ஏரி என எல்லாவற்றிலும் இந்த ரசாயனம் சிக்கியது. தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமிதான் சாகும், இது சாகாது. ஆர்.ஓ. மிஷின் பெருமளவு வடிகட்டும். லாரித் தண்ணிக்குக் குடத்தோடு நிற்கிற வீட்டில் அந்த மிஷினை யார் வாங்கித் தருவது?