துயரத்தை அளக்கும் மரக்கால்

நீடாமங்கலம் முதலிய பழைய தஞ்சை ஜில்லாவின் ஊர்களில் நெல்லளக்கும் மரக்கால் முற்காலத்தே ஊருக்கு ஊர் வேறுபட்டிருந்தது. 1956ஆம் ஆண்டின் நிறை அளவைச் சட்டத்திற்குப் பின்னரே தேசமெங்கும் ஒரே அளவு வழக்கத்திற்கு வரலாயிற்று. நெல்லுக்கு அது தகும். இளைஞரின் மனச்சோர்வை அளப்பதற்கும் ஒரே மரக்கால் போதுமென்பாருளர். அவர் கூற்று ஆராயத்தக்கது.

மனச்சோர்வை அறிய இக்காலத்து வழங்கும் வினாத்தாள்களுள் இரண்டு அமெரிக்க தேசத்திற் பிறந்தவை. 1977இல் வெளிவந்ததில் 20 வினாக்களும், 2001இல் வெளிவந்ததில் 9 வினாக்களும் உள. முன்னையதில், தாம் பிறருக்குக் குறைந்தவரல்லர் என்று எண்ணியதுண்டா என்பது ஒரு வினா. தற்புகழ்ச்சியைக் குற்றமெனக் கற்று வளர்ந்த பிள்ளை 'ஆம்' என்னத் தயங்குவான். அவன் அடக்கம் துயரமாகக் கணக்கிடப்படும். 'தலை பாரமாயிருக்கிறது, நெஞ்சை அடைக்கிறது' என்று தன் துன்பத்தை உடல்மேல் ஏற்றிச் சொல்பவனுக்கோ, அவ்விரண்டையும் கேட்கும் வினாவே அத்தாள்களில் இல்லை.

நடவுக் காலத்தில் மேற்கு வங்காளத்தினின்றும் பீகாரினின்றும் இளைஞர் நம் வயல்களுக்கு வருகின்றனர். 1983 முதல் இலங்கையினின்று புகலிடம் நாடி வந்தோரின் மக்கள் தமிழ்நாட்டு முகாம்களிற் பிறந்து வளர்ந்துள்ளனர். நம்மவர் மக்கள் இலண்டனிலும் டொராண்டோவிலும் பயில்கின்றனர். இவர்க்கெல்லாம் தாளை மொழிபெயர்த்துக் கொடுத்தால் மட்டும் போதாது. ஒரே அளவு துன்பமுடைய இருவர், எந்நாட்டினராயினும், ஒரே மதிப்பெண் பெறுதல் வேண்டும். அதுவே நேர்மையான அளவையாம்.

அங்ஙனமாயின் ஒவ்வோரினத்தார்க்கும் தனித்தாள் வகுக்கலாகாதோவெனின், யாருக்கு உதவி மிகுதியும் வேண்டுமென ஒப்புநோக்க இயலாது போம். ஆதலின் பொது வினாக்களை ஒவ்வொரு கூட்டத்தாரிடத்தும் சோதித்து, பிறழ்வனவற்றை நீக்கி, அவரவர் சொல்வழக்கையும் சேர்த்துக்கொள்ளுதலே தக்கது. ஜிம்பாப்வே நாட்டு ஹராரே நகரில் ஷோனா மக்களின் சொற்களைக்கொண்டே 14 வினாக்கள் வகுக்கப்பெற்று 1997இல் வெளியாயின. மிகுதியாக எண்ணி எண்ணி மாய்தல் என்னும் அவர்தம் வழக்கு அதில் இடம்பெற்றது.

குறைவாக அளந்தால் துயருற்றவன் துணையின்றி விடப்படுவான். மிகுதியாக அளந்தால் நலமுடையவன் நோயாளியெனப் பெயர் பெறுவான். ஆகையால் கலாசாலைகளில் இத்தாளை வழங்குவோர், மதிப்பெண்ணோடு நில்லாது, மாணவனை அருகழைத்து அவன் தாய்மொழியிலேயே உரையாடல் கடன். 2022 அக்டோபரில் அரசாங்கத்தார் தொடங்கிய 14416 என்னும் தொலைபேசி உதவி தமிழ் உட்படப் பல மொழிகளில் கிடைக்கிறது. அவ்வெண்ணை ஒவ்வொரு விடுதிச் சுவரிலும் எழுதி வைப்போமாக.