பட்டறைக்குப் போகும் பிள்ளைகளின் கை

காலடிப்பேட்டை என்ற பெயரில் உள்ள காலடி யாருடையதும் இல்லை. 1717 முதல் 1720 வரை சென்னைக் கோட்டையின் ஆளுநராக இருந்த ஜோசப் காலெட், நெசவாளர்களைக் குடியமர்த்திய ஊர் அது. காலெட் பேட்டை, பேச்சுவழக்கில் காலடிப்பேட்டை ஆயிற்று. அன்று கைத்தறி இருந்த வட்டாரத்தில் இன்று திருவொற்றியூர், எண்ணூர் வரை ஆலைகள். அவற்றைச் சுற்றி லேத், பிரஸ், வெல்டிங் வைத்திருக்கும் சின்னச் சின்னப் பட்டறைகள்.

பத்தாம் வகுப்புத் தேர்வோ பிளஸ் டூ தேர்வோ முடிந்ததும் நம் பிள்ளைகள் பலர் போய் நிற்கும் இடம் இந்தப் பட்டறைகள்தான். நிலம் இல்லாத வீட்டில் கல்லூரிக் கட்டணத்துக்கு வேறு வழி இல்லை. "ஹெல்பர் வேலைதான், சும்மா எடுத்துக் கொடுத்தால் போதும்" என்று சொல்லித்தான் அழைத்துப் போகிறார்கள். ஆள் குறையும் நாளில் அந்த ஹெல்பரே பிரஸ் மெஷின் முன் உட்கார வைக்கப்படுகிறான்.

சட்டம் என்ன சொல்கிறது? 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டப்படி, 14 முதல் 18 வயதுக்கு உட்பட்டவர்களை அபாயகரமான தொழில்களில் அமர்த்தக் கூடாது. வார்ப்படம், மின்முலாம், பெயின்ட் தயாரிப்பு, உலோகம் தீட்டும் கிரைண்டிங் வேலை ஆகியவை அதில் அடங்கும். மீறினால் உரிமையாளருக்கு 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மற்ற ஆபத்தான இயந்திரங்களுக்கும் 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 23-வது பிரிவு ஒரு நெறி வகுத்தது. ஆபத்தை முழுமையாக எடுத்துச் சொல்லி, போதிய பயிற்சி தந்த பிறகோ, விவரம் தெரிந்தவர் மேற்பார்வையிலோதான் இளவயதினர் வேலை செய்யலாம்.

இப்போது கவலை தருவது வேறொன்று. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் 10 பேர் இருந்தாலே தொழிற்சாலை என்றிருந்த வரையறையை 20 பேர் என உயர்த்திவிட்டது. 12 பேர், 15 பேர் வேலை செய்யும் பட்டறைதான் நம் பிள்ளைகள் போகும் இடம். அது இனி தொழிற்சாலைக் கணக்கில் வராது. வாரத்துக்கு 54 மணி நேர வேலையை 48 ஆகக் குறைக்கும் திருத்தத்தை 1946-இல் கொண்டுவந்தவர், அப்போது தொழிலாளர் துறையைக் கவனித்த அம்பேத்கர். அந்த வழியில் வந்த பாதுகாப்பு, அதிகம் தேவைப்படும் இடத்தில் மெலிவதை நாம் எப்படி ஏற்க முடியும்?

ஆனால் இரண்டு சட்டங்கள் தலை எண்ணிக்கை பார்ப்பதில்லை என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. ஒன்று, மேலே சொன்ன குழந்தைத் தொழிலாளர் சட்டம். இன்னொன்று விபத்து இழப்பீடு.

விரல் போனால் பட்டறையில் வரும் முதல் பேச்சு, "பையன் கவனமா இல்லை" என்பது. பீஸ் ரேட் கூலிக்கு வேகம் கூட்டத் தடுப்பைக் கழற்றி வைத்தது யார் என்று எவரும் கேட்பதில்லை. ஆஸ்பத்திரிச் செலவோடு சில ஆயிரங்களைக் கையில் கொடுத்து, தாளில் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். சட்டத்தின் கணக்கோ வேறு. 17 வயதுப் பையனின் மாதச் சம்பளம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதில் 60 சதவீதம் 6,000. அதை அந்த வயதுக்குரிய 227.49 என்ற எண்ணால் பெருக்க வேண்டும். கட்டைவிரல் முழுவதும் போனால் அதில் 30 சதவீதம், அதாவது 4,09,482 ரூபாய் இழப்பீடு. 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இந்தக் கணக்குமுறை புதிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் தொடர்கிறது. உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கும் தாள் செல்லாது. இ.எஸ்.ஐ. பதிவு இருந்தால் பயன் அதன் வழியே வரும்.

பணம் விரலைத் திருப்பித் தராது. அதனால் வேலைக்கு அனுப்பும் முன்பே பெற்றோர் கேட்க வேண்டும்: எந்த மெஷின்? யார் சொல்லிக் கொடுப்பார்? தடுப்பு இருக்கிறதா? சம்பளத்தைக் கூகுள் பேயிலோ வங்கிக் கணக்கிலோ வாங்கச் சொல்லுங்கள். "இவன் எங்களிடம் வேலை செய்யவே இல்லை" என்று மறுக்கும்போது அதுவே சாட்சி. 18 வயது நிரம்பாத பிள்ளை ஆபத்தான வேலையில் இருப்பதைக் கண்டால் 1098-க்குச் சொல்லலாம். வழக்குக்கு வக்கீல் வைக்க வசதியில்லையே என்று தயங்க வேண்டாம். பட்டியல் சாதியினருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி தர 1987-ஆம் ஆண்டுச் சட்டம் வகை செய்திருக்கிறது. அதற்கான எண் 15100.

கல்லூரி மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த இரண்டு எண்களையும் உங்கள் தெருவில், படிப்பகச் சுவரில் எழுதி வையுங்கள். பட்டறைக்குப் போகும் தம்பி போகிற வழியில் பார்க்கட்டும்.