விலையும் செலவும்

மூன்றாம் ஆண்டு, இளங்கலைப் பொருளியல்

"சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். பொருளியல் வகுப்பில் இதையே நிலைச் செலவு, மாறும் செலவு, வாய்ப்புச் செலவு என்று பெயர் மாற்றிப் படிக்கிறோம்; தேர்வில் எழுதுகிறோம்; மதிப்பெண் வந்ததும் மறந்து விடுகிறோம். நானும் அப்படித்தான் மறந்திருந்தேன். மறந்த பாடம் கனடாவிலிருந்து தொலைபேசி வழியாக என்னைத் தேடி வந்தது.

என் அக்காவும் அத்தானும் ஒன்டாரியோ மாகாணத்தில் பிராம்டன் நகரில் வாழ்கிறார்கள். அத்தானுக்குச் சரக்குக் கிடங்கில் வேலை. அக்காவுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. அவர்களை அனுப்பி வைக்க அப்பா வாங்கிய கடன் இன்னும் முழுதும் அடையவில்லை. அவர்களுடைய பழைய கார் ஒரு குளிர்காலக் காலையில் நின்றது நின்றதுதான். "நீதான் பொருளியல் படிக்கிறாயே தம்பி, மின்சாரக் கார் வாங்கலாமா, பெட்ரோல் கார் வாங்கலாமா, கணக்குப் போட்டுச் சொல்" என்றாள் அக்கா.

எனக்கோ பெருமை தாங்கவில்லை! அரை மணி நேரத்தில் கணக்கை முடித்தேன். பெட்ரோல் செலவு இவ்வளவு, மின்சாரச் செலவு இவ்வளவு, மிச்சம் இவ்வளவு. "கண்ணை மூடிக்கொண்டு மின்சாரக் காரையே வாங்குங்கள்" என்றேன். அக்கா பொறுமையாகக் கேட்டாள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "எல்லாம் சரி, கம்பியை எங்கேடா செருகுவது?"

அவர்கள் குடியிருப்பது ஒரு வீட்டின் பேஸ்மென்டில். தரைக்குக் கீழே உள்ள வாடகைப் பகுதியில். கார் நிறுத்த இடம் உண்டு. ஆனால் அங்கே மின் இணைப்பு இல்லை. அமைக்கும் உரிமையும் அவர்களுக்கு இல்லை. அக்காவின் அந்த ஒரு கேள்வியில் என் கணக்கு முழுவதும் கவிழ்ந்தது. அன்று முதல் ஒரு மாத காலம் நான் போட்ட மறுகணக்கின் விளைவே இக்கட்டுரை.

முதலிலேயே ஒன்றைச் சொல்லி விடுகிறேன். மின்சாரக் காருக்கு நான் பகைவன் அல்லன். அது கனடாவுக்குப் புதியதும் அன்று. 1893-ஆம் ஆண்டிலேயே டொராண்டோ நகரில் ஒரு மின்சாரக் கார் உருவாகி, அங்கு நடந்த தொழிற் பொருட்காட்சியில் ஓடியிருக்கிறது. நான் எதிர்ப்பது காரை அல்ல, அரைகுறைக் கணக்கை.

வாங்கும் நாளில்

கடைக்காரர் சொல்வது விலை. நாம் கொடுப்பது செலவு. கனடாவில் இவ்விரண்டுக்கும் இடையே ஒரு நீண்ட பாலம் இருக்கிறது. காரைக் கொண்டு வந்து சேர்க்கும் கூலி, ஒப்படைக்குமுன் சரிபார்க்கும் கூலி என்று ஏறத்தாழ 2,000 டாலர் சேர்கிறது. குளிர்சாதனக் கருவிக்கென்று மத்திய அரசின் 100 டாலர் வரி சேர்கிறது. இவை எல்லாவற்றின் மேலும் ஒன்டாரியோவில் 13 விழுக்காடு விற்பனை வரி. அதே கார் ஆல்பர்ட்டா மாகாணத்தில் என்றால் 5 விழுக்காடு மட்டும். ஆனால் ஆல்பர்ட்டாவில் மகிழ வேண்டாம். அங்கே 2025 பிப்ரவரி முதல் மின்சாரக் காருக்கு ஆண்டுதோறும் 200 டாலர் தனி வரி வந்து விட்டது. பெட்ரோல் போடுகிறவர் பெட்ரோல் வரி மூலம் சாலைக்குப் பணம் தருகிறார், நீ தரவில்லையே என்பது அரசின் வாதம். அதுவும் ஒரு நியாயந்தான்.

அரசு உதவி இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. 2019 மே மாதம் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில் 5,000 டாலர் வரை கிடைத்தது. ஒதுக்கிய நிதி தீர்ந்து, 2025 ஜனவரியில் அது நின்றது. ஒன்டாரியோ ஒரு காலத்தில் 14,000 டாலர் வரை கொடுத்தது. 2018-இல் ஆட்சி மாறியது, உதவியும் மறைந்தது. கியூபெக் மாகாணம் 2024-இல் 7,000 டாலர் வரை தந்தது; 2025-இல் 4,000 ஆகக் குறைத்தது. எனவே, அரசு உதவியை நம்பிக் கணக்கெழுதுகிறவர் எழுதும் நாளையும் பக்கத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். இன்னொரு நுட்பமும் உண்டு. மத்திய அரசின் அந்த 5,000 டாலர், வரி போட்ட பிறகே கழிக்கப்பட்டது. அதாவது, கழித்த தொகைக்கும் வாங்குகிறவர் வரி கட்டியிருந்தார்!

ஓட்டும் நாட்களில்

இனி மின்சாரக் காரின் உண்மையான பெருமைக்கு வருவோம். ஒன்டாரியோவில் 2023 மே மாதம் ஒரு புதிய மின்கட்டண முறை வந்தது. இரவு 11 மணி முதல் காலை 7 மணி வரை யூனிட்டுக்கு 2.4 சென்ட், மாலை 4 மணி முதல் 9 மணி வரை 24 சென்ட். அதே கம்பி, அதே மின்சாரம், பத்து மடங்கு வேறுபாடு! அந்தக் கட்டணங்கள் அதன் பின் மாறியிருக்கின்றன. ஆனால் இரவில் செருகுகிறவனுக்கு வாழ்வு என்ற தத்துவம் அப்படியே இருக்கிறது. மின்சாரத்தைக் கொண்டு வந்து சேர்க்கும் கட்டணத்தையும் கூட்டினாலும் பெட்ரோலுக்குப் பக்கத்தில் அது வர முடியாது.

ஆனால் செருகுவதற்கு இடம் வேண்டும். அங்கே வீட்டில் உள்ள சாதாரண 120 வோல்ட் செருகியில் பத்து மணி நேரம் வைத்தாலும் சுமார் 60 கிலோமீட்டர் ஓடும் அளவுக்கே மின்சாரம் ஏறும். 240 வோல்ட் இணைப்பு தனியாக அமைக்க வேண்டும். கருவியும் மின்பணியாளர் கூலியும் சேர்த்து 2,000 டாலர் என்று வைத்துக்கொள்ளலாம். பழைய வீடுகளில் 100 ஆம்பியர் மின்பெட்டி இருக்கும். அடுப்பும் துணி உலர்த்தியும் ஏற்கெனவே அதில் தொங்கிக்கொண்டிருக்கும். பெட்டியை மாற்ற வேண்டி வந்தால் மேலும் சில ஆயிரம்.

பிறகு குளிர். நம் ஊரில் மார்கழியைக் குளிர் என்கிறோம். அங்கே அதற்கு இளவேனில் என்று பெயர்! பெட்ரோல் இயந்திரம் வீணாக்கும் வெப்பத்தைக் கொண்டே பெட்ரோல் கார் தன்னைச் சூடாக்கிக்கொள்கிறது. மின்சாரக் காரில் அப்படி வீணாகும் வெப்பம் மிகக் குறைவு. ஆகவே உள்ளே இருப்பவரைச் சூடாக்கவும் பேட்டரியிலிருந்தே எடுக்க வேண்டும். பேட்டரியின் வேதி வினையும் குளிரில் மந்தமாகிறது. 2025 பிப்ரவரியில் கனடிய மோட்டார் வாகனச் சங்கம் ஒட்டாவாவிலிருந்து மோண்ட் திரம்ப்லான் நோக்கிப் பல மின்சாரக் கார்களைக் குளிரில் ஓட்டிப் பார்த்தது. அறிவிக்கப்பட்ட தூரத்தில் 14 முதல் 39 விழுக்காடு வரை குறைந்தது. 400 கிலோமீட்டர் என்று சொன்ன கார் சில நாட்களில் 250-இல் நின்று விடலாம் என்று பொருள்.

கணக்கைப் பார்ப்போம்

இனி என் மறுகணக்கு. எண்கள் நான் எடுத்துக்கொண்டவை; முறை எல்லோருக்கும் பொது. மின்சாரக் காரின் விலை 50,000 டாலர் என்போம். கூலியும் சிறு வரியும் சேர்ந்து 52,100. ஒன்டாரியோ விற்பனை வரி 6,773. ஆக 58,873. கையிலிருந்து 10,000 கட்டி, மீதியை 6 விழுக்காடு வட்டிக்கு 60 மாதத் தவணையில் எடுத்தால் மாதம் 945 டாலர்; வட்டி மட்டும் சுமார் 7,800. மின் இணைப்புக்கு 2,000. மொத்தம் ஏறத்தாழ 68,700.

அதே அளவுள்ள பெட்ரோல் கார் 38,000 டாலர் என்போம். அதே முறையில் வரியும் வட்டியும் சேர்த்தால் சுமார் 51,000. வேறுபாடு 17,700 டாலர். கடையில் பார்க்கும்போது 12,000 ஆக இருந்த வேறுபாடு, வீட்டுக்கு வருமுன் இவ்வளவு வளர்ந்து விட்டது!

ஆண்டுக்கு 20,000 கிலோமீட்டர் ஓட்டுவதாகக் கொள்வோம். பெட்ரோல் கார் 100 கிலோமீட்டருக்கு 8 லிட்டர் குடித்தால் 1,600 லிட்டர், லிட்டர் 1.40 டாலர் என்றால் 2,240 டாலர். மின்சாரக் காருக்குக் குளிரையும் சேர்த்து 100 கிலோமீட்டருக்கு 20 யூனிட் என்றால் 4,000 யூனிட். இரவில் வீட்டில், எல்லாக் கட்டணமும் சேர்த்து, யூனிட் 10 சென்ட் என்றால் 400 டாலர். மிச்சம் 1,840. எண்ணெய் மாற்றும் வேலையும் இல்லை என்பதால் பராமரிப்பில் 400 மிச்சம் எனலாம். ஆண்டுக்கு 2,240 டாலர். 17,700-ஐ இதனால் வகுத்தால் எட்டு ஆண்டுகள்! பேட்டரிக்கு நிறுவனங்கள் பொதுவாகத் தரும் உத்தரவாதமும் எட்டு ஆண்டுகளே என்பதை நினைவில் வையுங்கள். ஆண்டுக்கு 40,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு நான்கே ஆண்டில் வேறுபாடு தீர்ந்து விடும். அவர் தயங்காமல் வாங்கலாம்.

இப்போது என் அக்காவின் கணக்கு. வீட்டில் செருக இடமில்லை. சாலையோர விரைவு நிலையத்தில் யூனிட் 60 சென்ட் என்று வைத்தால், அதே 4,000 யூனிட்டுக்கு 2,400 டாலர். பெட்ரோலைவிட 160 டாலர் அதிகம்! நிலையத்தில் காத்திருக்கும் நேரத்துக்கு என்ன விலை போடுவது? இரவு வேலை முடிந்து வருகிறவளின் தூக்கத்துக்கு எந்தப் பேரேட்டில் இடம் இருக்கிறது?

தேய்மானத்தை நான் சேர்க்கவில்லை. நான்கு ஆண்டில் விற்கிறவருக்கு அதுவே பெருஞ்செலவு; பத்தாண்டு வைத்திருப்பவரை அது அவ்வளவாகத் தொடாது. காப்பீட்டுத் தொகையையும் வாங்குமுன் விசாரித்து எழுத வேண்டும்.

என் கருத்து

"எல்லாவற்றையும் காசில் அளக்கலாமா? காற்று தூய்மையாவது பெரிதில்லையா?" என்று என் வகுப்பு நண்பர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. ஒன்டாரியோ தன் கடைசி நிலக்கரி மின்நிலையத்தை 2014-இல் மூடி விட்டது. கியூபெக்கின் மின்சாரம் பெரும்பாலும் நீரிலிருந்து வருகிறது. அங்கே மின்சாரக் கார் ஓடினால் புகை குறைகிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த நன்மை ஊருக்கெல்லாம் பொது. 17,700 டாலரோ ஒருவர் தலையில். பொது நன்மைக்கான செலவில் பொதுமக்களுக்கும் பங்கு இருக்க வேண்டும் என்பதே நாம் படிக்கும் பொருளியல். அந்தப் பங்கு யாரைப் போய்ச் சேர வேண்டும் என்பதில்தான் எனக்கு மாறுபாடு.

மத்திய அரசின் அந்த 5,000 டாலர் காரின் விலைக்கு வரம்பு வைத்தது. வாங்குகிறவரின் வருமானத்துக்கு வைக்கவில்லை. பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 2022-இல் வருமானத்தைப் பார்த்துக் கொடுக்கத் தொடங்கியது. அதுவும் 2025 மே மாதம் நிறுத்தி வைக்கப்பட்டது. சொந்த வீடும் முற்றத்தில் மின் இணைப்பும் உள்ளவருக்கு உதவி இல்லாவிட்டாலும் கணக்கு ஒருநாள் சரியாகி விடும். வாடகைக்கு இருப்பவருக்கோ உதவி கிடைத்தாலும் கணக்கு சரியாகாது. ஆகவே, காருக்குக் கொடுக்குமுன் செருகிக்குக் கொடுங்கள் என்பதே என் கருத்து. வாடகைக் குடியிருப்புகளிலும் தெருவோரங்களிலும் இரவுக் கட்டணத்தில் மின்சாரம் ஏற்ற வழி செய்தால், உதவித் தொகை இல்லாமலே பலர் வாங்குவார்கள். இல்லையேல், மலிந்த மின்சாரம் வசதி உள்ளவருக்கும், விலை உயர்ந்த மின்சாரம் வசதி அற்றவருக்கும் என்ற தலைகீழ் நியாயமே நிலைக்கும்.

அக்கா என்ன செய்தாள் என்று கேட்பீர்கள். ஓடிப் பழகிய ஒரு சிறிய பெட்ரோல் காரை வாங்கினாள். மிச்சமான தவணைப் பணத்தில் ஒரு பகுதி அப்பாவின் கடனுக்கு வருகிறது. அவர்கள் வீட்டு உரிமையாளர் மாடியில் இருக்கிறார். அவரிடம் மின்சாரக் கார் இருக்கிறது. இரவு பதினொன்றுக்கு அவர் செருகுகிறார். அதே நேரத்தில் அக்கா வேலைக்குப் புறப்பட்டுப் போகிறாள். ஒரே வீடு, ஒரே மின்கம்பி. கணக்குகள் மட்டும் இரண்டு.

நண்பர்களே! நாளை நாமும் ஏதேனும் ஒன்றை வாங்கத்தான் போகிறோம். கார் இல்லாவிட்டால் மோட்டார் சைக்கிள். அதுவும் இல்லாவிட்டால் ஒரு தையல் இயந்திரம். "மாதம் இவ்வளவுதான்" என்று கடைக்காரர் சொல்லும்போது, விலையைக் கேட்காதீர்கள், செலவைக் கேளுங்கள். கூடவே என் அக்கா கேட்ட கேள்வியையும் மறவாதீர்கள்: கம்பியை எங்கே செருகுவது?