முதலில் செவி, பிறகு திரை

ஓசூர் சந்திரசூடேசுவரர் மலைக்கோயிலின் பங்குனித் தேர்த் திருவிழாவில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து ஒலிக்கும். 1970-களில் உருவான சிப்காட் தொழிற்பேட்டையும் அதன் பின் வந்த ஆலைகளும் வேறு பல மாவட்டத்துக் குடும்பங்களையும் இங்கே கொண்டுவந்து சேர்த்தன. ஆலைகள் பலவற்றில் இரவும் பகலும் ஷிப்ட் முறையில் வேலை நடக்கிறது. தந்தை இரவுப் பணி முடிந்து உறங்கும் நேரத்தில் பிள்ளை பள்ளிக்குப் புறப்படுகிறான். அவன் திரும்பும் நேரத்தில் தாய் பணியில் இருக்கிறாள். இத்தகைய இல்லங்களில் மாலைப் பொழுதில் பிள்ளைக்குக் கிடைக்கும் துணை இரண்டே. ஒன்று, தாத்தா பாட்டி; மற்றொன்று, கைபேசி. இவ்விரண்டுள் எது பிள்ளையை வளர்ப்பது என்பதே இன்று பல குடும்பங்களின் கவலை.

கைபேசியைப் பழித்து ஒதுக்கிவிடுவது நியாயமன்று. 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது, அதற்கு முந்தைய ஆண்டில் தொடங்கப்பட்ட கல்வித் தொலைக்காட்சியும் கைபேசி வழி வகுப்புகளுமே பிள்ளைகளைப் பாடத்தோடு பிணைத்து வைத்தன. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை படிப்போருக்கு 2021 நவம்பரில்தான் பள்ளிக் கதவு மீண்டும் திறந்தது. ஆயினும் அந்த நாள்களின் கற்றல் இழப்பை ஈடு செய்ய அரசு மேற்கொண்ட ‘இல்லம் தேடிக் கல்வி’த் திட்டம் மனிதரையே நம்பியது. தன்னார்வலர்கள் மாலை வேளையில் குடியிருப்புப் பகுதியிலேயே பிள்ளைகளைச் சிறு குழுவாக அமர்த்தி, கதையும் பாட்டும் விளையாட்டுமாகக் கற்பித்தனர். அத்திட்டம் முதலில் தொடங்கிய 12 மாவட்டங்களுள் கிருஷ்ணகிரியும் ஒன்று. பிள்ளை எவ்விடத்தில் தடுமாறுகிறது என்பதை முகம் பார்த்து அறிந்து, அவ்விடத்திலேயே நின்று மீண்டும் சொல்லும் பொறுமை, எதிரில் அமர்ந்த மனிதரிடமே உண்டு.

எல்லைப்புறப் பிள்ளைகளுக்கு இத்துணை இன்னும் மிகுதியாகத் தேவை. 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டத்தால் பள்ளிகளில் தமிழ் படிப்படியாகக் கட்டாயப் பாடமாயிற்று. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளையும் தமிழ் கற்கிறது. மொழி கேட்டால் மட்டும் வாராது. பதில் சொல்லிப் பழக வேண்டும். திரை எவ்வளவு பேசினாலும் பிள்ளையின் பதிலுக்காகக் காத்திருப்பதில்லை.

விளையாட்டும் இவ்வுண்மையையே காட்டுகிறது. 2024 டிசம்பர் 12 அன்று, சிங்கப்பூரில் சீனாவின் திங் லிரெனை வென்று, சென்னையைச் சேர்ந்த குகேஷ் தம் 18-ஆம் வயதில் உலகச் சதுரங்கச் சாம்பியன் ஆனார். அதற்கு முன் அவ்வளவு இளம் வயதில் பிளவுபடாத உலகப் பட்டத்தைப் பெற்றவர் எவரும் இலர். எந்த ஆட்டநிலையிலும் சிறந்த நகர்வு எது என்பதை இன்றைய கணினி நொடியில் சொல்லிவிடும். ஆயினும் அவருடைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா, தொடக்க ஆண்டுகளில் அவரைக் கணினி உதவியின்றியே பயில வைத்தார். விடை உடனே கிடைத்துவிட்டால் தேடிக் காணும் திறன் வளராது. தாமே கணக்கிட்டு முடிவெடுக்கும் ஆற்றல் வேரூன்றிய பின்னரே கணினி துணைக்கு வந்தது.

குகேஷ் நான்காம் வகுப்புக்குப் பின் முழுநேரப் பள்ளிக்குச் செல்லவில்லை. அது எல்லாப் பிள்ளைகளுக்கும் உரிய வழியன்று. அவரிடமிருந்து மற்றக் குடும்பங்கள் கொள்ளத்தக்கது, எதை முதலில் கொடுப்பது, எதைப் பின்னர் கொடுப்பது என்னும் வரிசையையே. முதல் இருந்தால்தான் வட்டி கிடைக்கும். கவனமும் நினைவாற்றலும் பிள்ளையின் முதல். அவற்றைச் சேர்த்துவைத்த பிள்ளைக்குக் கைபேசி வட்டி ஈட்டித் தரும். சேர்க்காத பிள்ளையிடம் இருக்கும் சிறிதளவையும் அது கரைத்துவிடும்.

விளையாட்டு நம் மரபில் கல்விக்குப் புறம்பானதன்று. திருவாரூர் மாவட்டத்துத் திருப்பூவனூரில் இறைவன் சதுரங்க வல்லபநாதர் என்னும் திருநாமத்தோடு எழுந்தருளியுள்ளார். அரசன் மகளாக வளர்ந்த அம்பிகையைச் சதுரங்கத்தில் வென்று மணந்தார் என்பது தலவரலாறு. கபடியும் கோ-கோவும் ஆடும் பிள்ளை, தோற்ற பின்னும் மறுநாள் அதே நண்பரோடு சேர்ந்து ஆடக் கற்கிறது. கைபேசி விளையாட்டில் தோற்றவன் ஒரு பொத்தானை அழுத்தி அத்தோல்வியை அழித்துவிடலாம். தெருவில் அது இயலாது.

செவிவழிக் கல்வி நமக்குப் புதிதன்று. திருக்குறளில் கல்விக்கு 40-ஆம் அதிகாரம் அமைத்த வள்ளுவர், கேள்விக்கென்றே 42-ஆம் அதிகாரத்தைத் தனியே வைத்தார். கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரத விழா நடைபெறும்போது பகலில் சொற்பொழிவும் இரவில் தெருக்கூத்தும் நிகழும். எழுத்தறியாத பெரியோரும் பாரதக் கிளைக்கதைகளை வரிசை பிறழாமல் சொன்னது அவ்விழாக்களில் கேட்டுப் பெற்ற கல்வியால்தான். அவ்விரு இதிகாசங்களையும் எளிய தமிழில் ‘வியாசர் விருந்து’ என்றும் ‘சக்கரவர்த்தித் திருமகன்’ என்றும் வழங்கிய ராஜாஜி, 1878-இல் ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்தவர்.

இல்லத்துப் பெரியோர் செய்யத்தக்கது அரிய செயலன்று. மாலையில் பிள்ளை முதலில் வெளியே ஓடி விளையாடட்டும். விளக்கேற்றியபின் அந்நூல்களில் ஒன்றிலிருந்து ஓர் அத்தியாயத்தைப் படித்துக் காட்டலாம். மறுநாள் அதைப் பிள்ளையே திருப்பிச் சொல்லட்டும். பிள்ளை சொல்லும்போது இடைமறித்துத் திருத்தாமல் முழுவதும் கேட்பது நலம். அதன் பின் கைபேசி, அளவான நேரத்துக்கு. அதில் என்ன கண்டாய் என்று ஆவலோடு கேட்டால், பிள்ளை தாத்தாவுக்கும் பாட்டிக்கும் ஆசிரியராகி விளக்கும். விளக்கத் தெரிந்ததே கற்றது.

பெற்றோர் ஆலையில் உழைக்கும் நேரத்தில் பேரப்பிள்ளையின் கவனத்தைக் காத்துக் கொடுப்பதும் ஒரு திருப்பணியே. அதற்குக் கோயில்வரை நடக்கும் வலிமையும் வேண்டியதில்லை. பிள்ளையின் அருகில் அமர்ந்திருக்கும் மனம் போதும்.