அனுப்பியவரும் போனவரும்: மொண்டெல்லோ தமிழ்ப் பெற்றோரின் நிலைப்பாடு

சொந்த நாட்டு மக்களே விரும்பாத ஒரு போருக்கு, தானாக முன்வந்து படையில் சேர்ந்த ஒருவர் கடல் கடந்து போனால் அவருக்கு மரியாதை உண்டா? மொண்டெல்லோவிலும் பலெர்மோவின் மற்றப் பகுதிகளிலும் வாழும் தமிழ்ப் பெற்றோரின் ஒன்றியத்துக்கு இது பட்டிமன்றத் தலைப்பு அல்ல. இத்தாலியில் பிறந்து தொடர்ந்து இங்கேயே வளர்ந்த பிள்ளை, 18 வயது நிறைந்த ஓராண்டுக்குள் குடியுரிமை கேட்கலாம் என்கிறது 1992ஆம் ஆண்டின் 91ஆம் இலக்கச் சட்டம். குடியுரிமை கிடைத்தால் படையில் சேரும் வழியும் திறந்துவிடும். இந்தியன் ஆமி வந்தபோது பங்கருக்குள் ஓடி ஒளித்த தாய் தகப்பனின் பிள்ளை, நாளைக்கு இத்தாலிய ஆமியில் இன்னொரு நாட்டின் தெருவில் துவக்கோடு நிற்கக்கூடும்.

ஒன்றியத்தின் பதில்: மரியாதை உண்டு. ஆயுதமில்லாதவர் மீது கை வைக்காதவரை அது குறையாது. ஆனால் இறந்தவரின் பெட்டியைக் காட்டிப் போரை நியாயப்படுத்தும் உரிமை எந்த அரசுக்கும் கிடையாது.

பலெர்மோவின் ஒரு கரையில் மொண்டெல்லோ கடற்கரை. மறுபக்கம் மலைச்சரிவில் மொன்றியாலே. அந்த மொன்றியாலேயைச் சேர்ந்தவர், காரபினியேரி எனும் இராணுவப் பொலிஸ் படையின் வீரர் தொமேனிக்கோ இந்த்ராவாயா. 2003 நவம்பர் 12 அன்று ஈராக்கின் நாசிரியா நகரில், வெடிமருந்து ஏற்றிய வாகனம் இத்தாலியத் தளத்தின் மீது பாய்ந்தபோது இறந்த 19 இத்தாலியரில் அவரும் ஒருவர். காரபினியேரி 12 பேர், இராணுவத்தினர் 5 பேர், பொதுமக்கள் 2 பேர். ஈராக்கியரும் அங்கே இறந்தார்கள். அஞ்சலிக் கூட்டங்களில் அவர்களின் பெயர் அரிதாகத்தான் கேட்கும்.

அந்த ஈராக் போரை இத்தாலிய மக்கள் விரும்பவேயில்லை. அதே ஆண்டு பெப்ரவரி 15 அன்று ரோமின் தெருக்களில் திரண்ட கூட்டம், உலகின் மிகப் பெரிய போரெதிர்ப்புப் பேரணிகளில் ஒன்று. நாடு முழுவதும் பால்கனிகளில் வானவில் நிறச் சமாதானக் கொடிகள் தொங்கின. பிற மக்களின் சுதந்திரத்தைத் தாக்கும் கருவியாகப் போரை இத்தாலி நிராகரிக்கிறது என்று அரசியலமைப்பின் 11ஆம் பிரிவே சொல்கிறது. அப்படியிருந்தும் அரசு படையை அனுப்பியது. 2006இல் ரோமில் நடந்த ஊர்வலங்களில் ஒரு சிறு கூட்டம் பத்து, நூறு, ஆயிரம் நாசிரியா வேண்டும் என்று கோஷம் போட்டது. போரெதிர்ப்பு இயக்கத்தில் பலரே அதைக் கேட்டு வெட்கப்பட்டார்கள். அமைச்சரவையின் முடிவுக்கான கோபத்தை மொன்றியாலேயில் ஒரு குடும்பத்தின் தலையில் கொட்டுவது ஈனம் என்றே ஒன்றியமும் கருதுகிறது.

"தானாகத்தானே போனார்?" என்று கேட்பவர்கள் உண்டு. இத்தாலியில் கட்டாயப் படைச்சேவை 2005 தொடக்கம் நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது; அதற்கு முன்பே ஈராக்குக்குப் போனவர்கள் தொழில்முறைப் படையினர்தான். உண்மை. ஆனால் கையொப்பம் வைப்பவர் தெரிவுசெய்வது வேலையை. எந்த நாட்டில், யாருக்கு எதிராக என்பதை ரோமில் இருப்பவர்கள் பிறகு தீர்மானிக்கிறார்கள். வேலை கிடையாத சிசிலியில் சீருடை என்பது மாதச் சம்பளமும் ஓய்வூதியமும். வேலை தேடியே இந்தத் தீவுக்கு வந்து சேர்ந்த தமிழருக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை.

இனி, ஒன்றியத்தில் பேசுவதற்கு மிகக் கடினமாக இருந்த பகுதி.

1987 அக்டோபர் 21, தீபாவளி நாள். இந்திய அமைதிப்படை யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குள் நுழைந்து சுட்டது. நோயாளிகள், வைத்தியர்கள், தாதிகள், ஊழியர்கள் என 60க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். மறுநாள் காலை குழந்தை வைத்திய நிபுணர் சிவபாதசுந்தரம், தாதிமாருடன் கைகளை உயர்த்திக்கொண்டு, தாங்கள் வைத்தியர்கள் என்று சொல்லியபடியே வந்தார். அவரையும் சுட்டார்கள். 1989 ஓகஸ்ட் தொடக்கத்தில் வல்வெட்டித்துறையில் 50க்கு மேற்பட்ட பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள். அந்தப் படையிலும் கட்டாயத்தின் பேரில் வந்தவர் எவருமில்லை. இந்திய இராணுவம் தொண்டர் படை. ஆஸ்பத்திரிக்குள் துவக்கை நீட்டியவர்களுக்கு, மேலிடத்துக் கட்டளை என்ற பெயரிலும் ஒன்றியம் மரியாதை தரத் தயாராக இல்லை.

அதே படையில் மேஜர் ராமசாமி பரமேஸ்வரனும் இருந்தார். பம்பாயில் பிறந்த தமிழர். 1987 நவம்பர் 25 இரவில் பதுங்கித் தாக்கியவர்களோடு மோதி, நெஞ்சில் குண்டு பாய்ந்த பிறகும் சண்டையிட்டு இறந்தார். அந்தப் போருக்காகப் பரம்வீர் சக்ரா பெற்றவர் அவர் ஒருவரே. இலங்கையில் இறந்த ஆயிரத்துக்கு மேற்பட்ட இந்தியப் படையினரில் பெரும்பாலானவர்களின் பெயர் அவர்களின் ஊருக்கு வெளியே எவருக்கும் தெரியாது. 1990 மார்ச்சில் கடைசிப் பிரிவுகள் சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கியபோது முதலமைச்சர் மு. கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. தமிழரைக் கொன்ற படை என்பதே காரணம். ஒன்றியம் அதைக் குறை சொல்லாது. செத்த சனத்துக்காக ஒரு முதல்வராவது விலகி நின்றாரே என்ற ஆறுதல் அன்று யாழ்ப்பாணத்தில் இருந்தது. ஆனால் கப்பலிலிருந்து இறங்கிய ஒவ்வொருவரும் கொலையாளி அல்ல. யார் சுட்டார், யார் சுடச் சொன்னார் என்று பிரித்துப் பார்க்கும் விசாரணையைப் புதுடில்லி நடத்தியிருந்தால், மற்றவர்களின் தலையிலிருந்து அந்தப் பழி என்றைக்கோ இறங்கியிருக்கும். நடத்தாமல் விட்டதால் கொல்லப்பட்டவர்களுக்கும் நீதியில்லை, குற்றமற்ற படையினருக்கும் நீதியில்லை.

இத்தாலிய அரசும் தன் படையினருக்குக் கடன்பட்டிருக்கிறது. நாசிரியாவில் பாதுகாப்பு ஏற்பாடு போதாமல் இருந்ததற்காக அப்போதைய தளபதி ஒருவர் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று சிவில் நீதிமன்றங்கள் சொல்வதற்குள் பல ஆண்டுகள் ஓடிவிட்டன. யுரேனியம் கலந்த குண்டுகள் வீசப்பட்ட பால்கன் பகுதிகளில் பணியாற்றிவிட்டுப் புற்றுநோயோடு திரும்பியவர்கள் நீதிமன்றப் படியேறித்தான் உரிமை கேட்க வேண்டியிருந்தது. இதை ஆராய்ந்த பாராளுமன்ற விசாரணைக் குழு 2018இல் தந்த அறிக்கை, பாதுகாப்பு அமைச்சைக் கடுமையாகக் குற்றம் சாட்டியது. மலர்வளையம் வைக்கும் கையே மருத்துவச் செலவுக் கோப்பை இழுத்தடிப்பது அவமரியாதை.

ஆகவே, வெளிநாட்டுப் பணிகளில் இறந்த படையினரையும் பொதுமக்களையும் நினைவுகூரும் நாளாக 2009இல் சட்டமாக்கப்பட்ட நவம்பர் 12 அன்று ஒன்றியத்தின் உறுப்பினர்கள் இத்தாலியரோடு சேர்ந்து நிற்பார்கள், ஈராக்கியருக்காகவும் நிற்பார்கள். அக்டோபர் 21, 22 ஆகிய நாள்களில் பெரியாஸ்பத்திரியில் இறந்தவர்களுக்கு விளக்கேற்றுவார்கள். அயலவரான இத்தாலியரை அதற்கும் அழைப்பார்கள். படையில் சேர விரும்பும் பிள்ளையை ஒன்றியம் தடுக்காது. கையொப்பம் வைக்க முன்னர் அந்தப் பிள்ளையோடு இருந்து 11ஆம் பிரிவையும் 2018 அறிக்கையையும் வாசிக்கும். ஆஸ்பத்திரியில் நடந்ததைக் கண்ணால் கண்டவர்கள் பலெர்மோவில் இருந்தால், அவர்கள் பேச விரும்பினால், அந்தப் பிள்ளை அதையும் கேட்க வேண்டும் என்று பெற்றோர் எதிர்பார்க்கிறார்கள்.