வண்டி நம்முடையது, திறப்பு யாருடையது?

ஒல்லாந்து நாட்டின் அம்ஸ்ரடாம் நகரிலே வான்மூஃப் என்னும் பெயருடன் விளங்கிய மின் துவிச்சக்கர வண்டிக் கம்பனி 2023ஆம் ஆண்டு யூலை 17ஆந் திகதி வங்குரோத்து அடைந்ததாக நீதிமன்றம் அறிவித்தது. ஐரோப்பாவிலே கம்பனிகள் முறிவது புதினமன்று. ஆயின் இம்முறிவிலே ஒரு புதினம் இருந்தது. கம்பனிக்குக் கடன் கொடுத்தோர் கலங்கினர், அது இயல்பு. ஒரு சதமேனும் பாக்கி வையாது முழுப்பணமும் செலுத்தி, வண்டியைத் தம் வீட்டு வாசலில் நிறுத்தி வைத்திருந்தோரும் கலங்கினர். நாளை இவ்வண்டி எமக்குத் திறக்குமா என்பதே அவர்களது கலக்கம்.

மின் துவிச்சக்கர வண்டிகளும் மின் ஸ்கூட்டர்களும் நம் நாட்டுக் கடைகளிலும் வரிசையாக நிற்கத் தொடங்கிவிட்டன. நுட்பங்கள் நிறைந்த வண்டிக்கு அவ்வளவு விலை கொடுப்பது தகுமா என்று ஆசிரியரும் எழுதுவினைஞரும் கமக்காரரும் கணக்குப் பார்க்கும் காலம் இது. ஆதலின் ஒல்லாந்தர் பட்ட பாட்டை நாம் சிறிது ஆராய்தல் பொருத்தமாகும்.

கார்லியர் என்னும் சகோதரர் இருவர் 2009ஆம் ஆண்டில் தொடங்கிய கம்பனி அது. 2020ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட வண்டியொன்றின் விலை 1,998 யூரோ. அதே நாட்டில் ஆயிரம் யூரோ அளவிலும் மின் துவிச்சக்கர வண்டி வாங்கலாம். மின்சாரமில்லாத சாதாரண வண்டியோ சில நூறு யூரோவுக்குள் அடங்கிவிடும். அப்படியிருக்க, இந்த இரண்டாயிரம் எதற்காக? பற்றரி சட்டகத்தின் உள்ளே மறைந்திருந்தது. கியர்கள் நான்கும் ஓட்டுபவர் கைவைக்காமலே தாமாக மாறின. பின்சில்லின் அருகேயுள்ள பொத்தானைக் காலால் ஒரு தட்டுத் தட்டினால் சில்லுப் பூட்டிக்கொண்டது. திருடன் அசைத்தால் வண்டி அலறியது. களவு போனாலும் அது நிற்கும் இடத்தைக் கம்பனி கண்டறிந்தது. உரியவர் கைத்தொலைபேசியுடன் அருகே வந்தால் பூட்டுத் தானே திறந்தது. பார்த்தவர் மயங்கினர். உலகமெங்கும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இக்கம்பனியின் வண்டிகளை வாங்கினர். 2021ஆம் ஆண்டில் மட்டும் முதலீட்டாளர் 12 கோடி 80 லட்சம் டொலரைக் கொண்டுவந்து கொட்டினர்.

வேகத்துக்காகத்தான் இந்த விலை என்று எவரேனும் எண்ணினால் அது தவறு. ஐரோப்பியச் சட்டப்படி, துவிச்சக்கர வண்டி என்ற பெயருடன் தெருவில் ஓடும் மின் வண்டியின் மோட்டார் தொடர்ச்சியாகத் தரும் வலு 250 வாற்றுக்கு மேற்படலாகாது; மணிக்கு 25 கிலோமீற்றர் வேகம் வந்ததும் அது தன் உதவியை நிறுத்திவிடல் வேண்டும். ஆயிரம் யூரோ வண்டிக்கும் அதே எல்லை. ஐயாயிரம் யூரோ வண்டிக்கும் அதே எல்லை. சட்டத்தின் முன் சகல வண்டிகளும் சமம்! (சகல மனிதரும் சமம் என்று எழுதிவைத்த நாடுகளிலும் இத்துணைக் கண்டிப்பாக அது நடைபெறுவதில்லை என்பது வேறு விடயம்.)

மின் துவிச்சக்கர வண்டியின் உண்மையான அற்புதம் அதன் பூட்டிலோ கைத்தொலைபேசியிலோ இல்லை. மேற்சொன்ன வண்டியின் பற்றரி கொள்ளும் மின்சாரம் 504 வாற்று மணி. நம் வீட்டு மின்பட்டியலின் கணக்கிலே ஏறத்தாழ அரை அலகு. அந்த அரை அலகு மின்சாரம், மிதிப்பவருடைய கால்வலுவோடு சேர்ந்து, ஓர் ஆளை ஐம்பது அறுபது கிலோமீற்றர் தூரம் கொண்டுசெல்ல வல்லது. எதிர்காற்றிலே வியர்க்காமல் பாடசாலைக்குப் போகலாம். முழங்கால் நோவுள்ள முதியவரும் சந்தைக்குப் போய் மீளலாம். இதற்கு வேண்டியவை நல்ல மோட்டார், நல்ல பற்றரி, நம்பத்தக்க பிறேக்கு, மிதியின் அழுத்தத்தை அளந்து அதற்கேற்ப வலுவைக் கூட்டிக் குறைக்கும் கருவி ஆகிய நான்குமே. இவற்றுக்காகக் கூடிய விலை கொடுப்போரை நாம் குறைகூறோம். மலிந்த பற்றரியின் விலை சில வேளைகளில் வீடு தீப்பற்றிய பின்னரே முழுமையாகத் தெரியவரும்.

களவைத் தடுக்கும் பூட்டையும் நாம் எள்ளி நகையாடவில்லை. துவிச்சக்கர வண்டித் திருட்டு அம்ஸ்ரடாம் நகரத்தின் தீராத நோய். அந்நகரவாசிக்கு அப்பூட்டு ஆடம்பரமன்று.

ஆனால் அப்பூட்டின் திறப்பு எங்கே இருந்தது? வண்டிக்கும் கைத்தொலைபேசிக்கும் இடையே பரிமாறப்படும் இரகசியக் குறியீடே அதன் திறப்பு. ஒவ்வொரு வண்டிக்கும் உரிய அக்குறியீடு கம்பனியின் கணினியிலே வைக்கப்பட்டிருந்தது. வாங்கியவர் தம் பெயரைப் பதிந்து உட்புகும்போது அங்கிருந்துதான் அது அவருடைய தொலைபேசிக்கு வந்தது. கம்பனி முறிந்து அக்கணினி அணைக்கப்பட்டால், புதுத் தொலைபேசி வாங்குபவரும், வண்டியைப் பிறரிடமிருந்து வாங்குபவரும் திறப்புக்கு எங்கே போவர்? கைபிடியிலுள்ள பொத்தானால் ஓர் இரகசிய இலக்கத்தை அழுத்திப் பூட்டைத் திறக்கும் மாற்றுவழி இருந்தது என்பதையும் நேர்மையின் பொருட்டுச் சொல்லிவிடுகிறோம். எனினும் வண்டியின் ஏனைய நுட்பங்களை ஆள்வதற்குத் தொலைபேசியே வேண்டியிருந்தது.

இந்த இக்கட்டில் வாடிக்கையாளருக்குக் கை கொடுத்தது யார்? அவர்களிடம் பணம் வாங்கிய கம்பனியன்று. பெல்ஜியத்திலுள்ள கௌபோய் என்னும் போட்டிக் கம்பனி, சில நாட்களுக்குள் ஒரு சிறு செயலியை ஆக்கி வெளியிட்டது. கணினி அணையுமுன் உங்கள் திறப்பை இதன்மூலம் எடுத்து உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள் என்றது. விளம்பரத்துக்காகவே செய்தது என்று சொல்வோர் சொல்லட்டும், உதவி உதவிதான். ஆயினும் தன் சொந்த வண்டியின் திறப்பை, விற்றவனுடைய போட்டியாளனின் தயவால் ஒருவன் பெறவேண்டிய நிலையை எந்த வியாபார நீதி ஏற்கும்?

பூட்டைவிடப் பெரிய தொல்லை உதிரிப்பாகங்களில் இருந்தது. பற்றரி, கியர் மாற்றும் கருவி, மின்சுற்றுப் பலகை ஆகியவற்றைக் கம்பனி தனக்கென்றே தனியாக அமைத்திருந்தது. ஆதலால் தெருமுனைத் திருத்தகங்கள் அவ்வண்டிகளில் கைவைக்கத் தயங்கின. பல மறுத்தே விட்டன. கம்பனியின் சொந்தக் கடைகளும் மூடப்பட்டபோது, திருத்தக் கொடுத்திருந்த வண்டியைப் பூட்டிய கதவுக்கு வெளியே நின்று தேடியோரும் உளர். விற்ற வண்டிகளை உத்தரவாதத்தின் கீழ்த் திருத்திக் கொடுக்கும் செலவே கம்பனியை வாட்டிய பெருஞ்சுமைகளுள் ஒன்று. அதாவது, வாங்கியவருக்கு அதிகமாகத் தோன்றிய அந்த விலை, நுட்பங்களைப் பேணும் செலவுக்குக் கம்பனிக்கே போதவில்லை! 2023 ஓகஸ்ட் இறுதியில் மக்லாரன் அப்ளைட் என்னும் ஆங்கிலேயக் கம்பனியின் கிளையொன்று வான்மூஃபை வாங்கியது. பெயர் பிழைத்தது. பழைய கம்பனி கொடுத்த உத்தரவாதங்களைப் புதிய உரிமையாளர் பொறுப்பேற்கவில்லை.

இவ்விடத்தில் யாழ்ப்பாணத்தாருக்கு நாம் நீட்டி விளக்க வேண்டியதில்லை. 1990ஆம் ஆண்டுகளின் பொருளாதாரத் தடைக்காலத்திலே பெற்றோல் என்பது துளிக்கணக்கில் எண்ணப்பட்ட பொருளாயிற்று. மோட்டார்ச் சைக்கிளுக்குச் சில துளி பெற்றோலை ஊட்டி உயிர் கொடுத்து, பின்னர் மண்ணெண்ணெயிலே ஓட்டினர். ஏனைய போக்குவரத்து முழுவதையும் துவிச்சக்கர வண்டி தாங்கியது. நோயாளியும் விறகும் நெல்மூட்டையும் அதிலேயே போயின. மின்சாரம் அற்ற வீடுகளில் அதன் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டனர். உற்பத்தி செய்த கம்பனி எந்தக் கண்டத்தில் இருந்தது, அது உயிரோடு இருந்ததா என்று எவரும் கேட்கவில்லை. ஒழுங்கைக்கு ஒருவர் அதைத் திருத்த அறிந்திருந்தார். ஒரு வண்டியின் பாகம் மற்றதற்குப் பொருந்தியது. 2022ஆம் ஆண்டு எரிபொருள் வரிசைகளில் நாடு முழுவதும் நின்றபோதும் துவிச்சக்கர வண்டியே மீண்டும் தெருவுக்கு வந்தது. தடை வந்தால் இயங்கும் பொருள் எது, தடை வந்தால் முதலில் உறங்கும் பொருள் எது என்ற கேள்வியைக் கேளாமல் நாம் எதனையும் வாங்க இயலாது. அது நம் வரலாறு நமக்குக் கற்பித்த கணக்கு.

இப்படிச் சொல்வது பழமைவாதம் எனச் சில இளைஞர் கூறுவர். கைத்தொலைபேசியும் அப்படித்தானே, அதை மட்டும் வாங்கவில்லையா என்பர். கைத்தொலைபேசியை மூன்று நான்கு ஆண்டுகளில் மாற்றிவிடும் எண்ணத்துடனேயே பலர் வாங்குகின்றனர். துவிச்சக்கர வண்டியை எவரும் அவ்வாறு வாங்குவதில்லை. தந்தை ஓட்டிய வண்டியை மகன் ஓட்டிய வீடுகள் நம்மிடையே எத்தனையோ உள. பற்றரி தேய்ந்து மாற்ற வேண்டிய நாள் ஒன்று கட்டாயம் வரும். அந்நாளில் அதே அளவிலான பற்றரி சந்தையில் கிடையாதெனில், இரண்டாயிரம் யூரோ வண்டி பாரமான இரும்புக் கூடாகிவிடும். மோட்டாரும் பற்றரியும் பொதுவாகக் கிடைக்கும் வகையினவாகவும், கழற்றிப் பூட்டத்தக்கனவாகவும் இருப்பின், அந்த வண்டி சற்று விலை கூடியதாயினும் வாங்கத் தகும் என்பது நமது எண்ணம். தாமாக மாறும் கியருக்கும் தொலைபேசித் திறப்புக்கும் மேலதிகமாகக் கொடுக்கும் பணம், நமது நிலையில், வீண் பணமே.

ஐரோப்பியர் தாம் பட்டதைச் சட்டமாக்கத் தொடங்கியுள்ளனர். 2023இல் அவர்கள் நிறைவேற்றிய பற்றரி ஒழுங்குவிதி, 2027 பெப்ரவரி 18 முதல் இத்தகைய இலகு வாகனங்களின் பற்றரியைக் கம்பனியைச் சாராத தொழிலாளரும் கழற்றி மாற்றக்கூடியதாக இருத்தல் வேண்டும் என்கிறது. 2024இல் ஆக்கப்பட்ட திருத்தல் உரிமைச் சட்டத்தினுள் இவ்வாகனங்களின் பற்றரி கொண்ட பொருட்களும் அடங்கும். அங்கத்துவ நாடுகள் அதனை நடைமுறைப்படுத்த வேண்டிய நாள் 2026 யூலை 31. பணமும் தொழில்நுட்பமும் படைத்தோரே இவ்வாறு தம்மைக் காத்துக்கொள்ள முனைகையில், வெளிநாட்டு வண்டியை வெளிநாட்டுச் செலாவணி கொடுத்து இறக்கும் நாம் வாளாவிருத்தல் எங்ஙனம்?

பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இதற்கென்றே அமைக்கப்பட்டது. மின் வண்டிகளை இறக்குமதி செய்வோர் எத்தனை ஆண்டுகளுக்கு உதிரிப்பாகம் வைத்திருப்பர், பற்றரியை யார் மாற்றலாம், விற்ற கம்பனி மறைந்தால் வண்டியின் திறப்பு யாரிடம் இருக்கும் என்பனவற்றை விற்பனைக்கு முன் எழுத்தில் கொடுக்குமாறு அச்சபை பணித்தல் வேண்டும். அவ்வெழுத்து தமிழிலும் இருத்தல் வேண்டும். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியென்று சொல்லி எத்தனையோ ஆண்டுகள் கழிந்தும், பல இலட்சம் ரூபா பெறுமதியான பொருளொன்றின் உத்தரவாதப் பத்திரத்தைக் கிளிநொச்சிக் கமக்காரர் ஒருவர் பிறரைக் கொண்டு வாசித்தறிய வேண்டியிருப்பதை நாம் இனியும் சிறு விடயமாகக் கருதப் போவதில்லை.